களத்தில் பார்க்கிங் விடுகிறவர்கள் அபராதம் வைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கார்த்திகை பிறந்துவிட்டால் குமுளியில் வண்டி திரும்புகிற அளவுக்கு இடம் உள்ள எல்லாமே பார்க்கிங்தான், வீட்டு வாசல், மிளகு காயப்போடும் களம், பழைய ஏலக்காய் ஸ்டோர் முற்றம் எதுவும் மிச்சமில்லை. லோயர் கேம்ப் மலைப்பாதை ஏறி வருகிற சபரிமலை சாமிமார் வண்டிகள் ஒரு பக்கம், தேக்கடி படகுக்கு வருகிற குடும்பங்கள் ஒரு பக்கம். எங்கள் களத்துக்கு மிளகு வர தை ஆகிவிடும், அதுவரை சும்மா கிடக்கிற இடம்தானே என்று நானும் மச்சானும் வண்டி விட ஆரம்பித்து ஆறு சீசன் ஆகிறது.

இந்த வருஷம் எங்கள் ரோட்டில் இடம் வைத்திருக்கிற பதினோரு பேர் சேர்ந்து எல்லாருக்கும் பொதுவாக விதி எழுதலாம் என்று உட்கார்ந்தோம். நல்ல யோசனைதான், ஆளுக்கு ஒரு ரேட், ஆளுக்கு ஒரு சட்டம் என்று இருந்தால் வருகிறவர்கள் குழம்பித்தான் போவார்கள். ஆனால் முதல் வரைவைப் படித்ததும் எனக்கு மனசு ஒப்பவில்லை. டோக்கன் தொலைந்தால் 500, நேரம் கடந்தால் 500, கயிற்றைத் தாண்டி நிறுத்தினால் 500. ஏன் எல்லாவற்றுக்கும் 500 என்று கேட்டேன். "அப்பத்தான் பயப்படுவாங்க" என்றார்கள்.

முதல் தவறே இதுதான். பயத்துக்கு விலை போடக்கூடாது, நமக்கு என்ன நஷ்டமோ அதற்குத்தான் போட வேண்டும். இது என் நல்ல மனசிலிருந்து வருகிற பேச்சு இல்லை, சட்டமே அப்படித்தான் இருக்கிறது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி, மீறினால் இவ்வளவு என்று ஒரு தொகையை எழுதி வைத்திருந்தாலும் நீதிமன்றம் அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் கொடுக்கும், எழுதிய தொகை உச்சவரம்பு மட்டும்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நேராகச் சொல்கிறது: ஏற்பட்ட நஷ்டத்துக்குத் துளியும் பொருந்தாத அபராதத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நியாயமற்ற ஒப்பந்தம். அதை எதிர்த்து மாநில நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். நாம் களத்து வாசலில் தொங்கவிடும் தகர போர்டும் ஒப்பந்தம்தான், மறந்துவிடாதீர்கள்.

சரி, நஷ்டத்தை எப்படிக் கணக்குப் போடுவது? எங்கள் களத்தில் காருக்கு 12 மணி நேரத்துக்கு 100 ரூபாய். ஒருவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால், அந்த இடத்தில் இன்னொரு கார் நின்றிருந்தால் கிடைத்திருக்கும் காசுதான் நமக்குப் போனது, அது பத்து ரூபாய்கூட வராது. கூட்டம் நெரிகிற நாள், ஆள் வேலை, தொந்தரவு எல்லாம் சேர்த்து 20 என்று வையுங்கள், 30 என்றுகூட வையுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 500 எங்கே இருக்கிறது, 30 எங்கே இருக்கிறது! அதே சமயம் ஒருவர் கேட்டை மறித்து நிறுத்திவிட்டு மலைக்குப் போய்விட்டால் பின்னால் இருக்கிற நாலு வேன் வெளியே போக முடியாது, அது பெரிய நஷ்டம், அதற்குக் கூடுதலாக வைப்பது நியாயம். மீறல் ஒவ்வொன்றும் ஒரு அளவில் இருக்கும்போது அபராதம் மட்டும் எப்படி ஒரே தொகையாக இருக்கும்?

இங்கிலாந்தில் இதே சண்டை பல வருஷமாக நடக்கிறது. அங்கே தனியார் கம்பெனிகள் கடை வாசல் பார்க்கிங்கை எடுத்து நடத்துகின்றன, மீறினால் 100 பவுண்டு வரை கேட்கிறார்கள். இதை ஒழுங்குபடுத்த 2019-ல் ஒரு சட்டம் போட்டார்கள், அதன்படி 2022 பிப்ரவரியில் வந்த விதித்தொகுப்பு லண்டனுக்கு வெளியே பெரும்பாலான மீறல்களுக்கு உச்சத்தை 50 பவுண்டாகக் குறைக்கப் பார்த்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போக, அந்த ஜூனிலேயே அதை வாபஸ் வாங்கி, 2025 ஜூலையில் மறுபடி மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். கம்பெனி பக்கம் ஜெயித்த வழக்கும் உண்டு, பீவிஸ் வழக்கு என்பார்கள். இரண்டு மணி நேரம் இலவசமாக நிறுத்தலாம் என்ற இடத்தில் 56 நிமிடம் கூடுதலாக நின்ற காருக்கு 85 பவுண்டு கேட்டது சரிதான் என்று அங்கே உச்ச நீதிமன்றம் 2015-ல் சொன்னது. ஆனால் சும்மா சொல்லவில்லை. கடைகளுக்கு வருகிறவர்களுக்கு இடம் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும் என்ற நியாயமான தேவை அங்கே இருந்தது, தொகையும் வரம்பு மீறவில்லை, போர்டும் பெரிய எழுத்தில், கண்ணில் படுகிற மாதிரி பல இடத்தில் இருந்தது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் இந்த வழக்கைச் சொல்லித்தான் 500-க்கு வாதாடினார், போர்டு கதையை மட்டும் விட்டுவிட்டார்.

அந்த போர்டுதான் நம் ஊரில் பெரிய தவறு. போன சீசனில் எங்கள் ரோட்டிலேயே ஒரு களத்தில் விலைப்பட்டியல் பலாமரத்துக்குப் பின்னால், உள்ளே பத்தடி தள்ளி, மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள், மீதியில் தெலுங்கும் கன்னடமும். ராத்திரி ஒரு மணிக்கு, மஞ்சு இறங்கி பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத நேரத்தில், முன்னால் போகிற வண்டியின் சிவப்பு லைட்டை மட்டும் பார்த்துக்கொண்டு உள்ளே நுழைகிற டிரைவர் அந்த போர்டை எப்படிப் படிப்பார்? படிக்கவே வழியில்லாத விதியை வைத்து ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது என்பது என் எண்ணம். போர்டு கேட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், பிடிக்காதவர் திரும்பிப் போக முடிகிற தூரத்தில். மேலே ஒரு பல்பு. கட்டணம் எந்த அளவு எழுத்தோ அபராதமும் அதே அளவு எழுத்தில். டோக்கனின் பின்பக்கத்திலும் அதையே அச்சடித்துவிட்டால் இன்னும் நல்லது.

டோக்கன் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்பு ராத்திரி ரெண்டரை மணி இருக்கும், சாரல் மழை. மலை இறங்கி வந்த ஒரு பெரியவர், வத்தலக்குண்டு பக்கம், டோக்கனைச் சட்டைப் பையில் வைத்திருந்திருக்கிறார், அது நனைந்து கூழாகிப் போயிருந்தது. டோக்கன் இல்லையென்றால் 300 என்று எங்கள் போர்டிலேயே போட்டிருந்ததால் பையன் 300 கேட்டான். என்னை எழுப்பினார்கள். நானும் தூக்கக் கலக்கத்தில், போர்டில் இருக்கிறதே சாமி, எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே என்று சொல்லிவிட்டேன். அவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்து, பத்து, இருபது, சில்லறை என்று காரின் பானெட் மேல் எண்ணி வைத்தார். காலையில் டோக்கன் புத்தகத்தைப் புரட்டினால் அடிக்கட்டையில் அவர் வண்டி நம்பர், வந்த நேரம், 100 ரூபாய் வாங்கியது எல்லாம் தெளிவாக இருந்தது. அரை நிமிட வேலை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை, எங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. அந்த 300 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழியும் தெரியவில்லை, போன் நம்பர் வாங்கி வைக்கவில்லை. அதிலிருந்து எங்கள் களத்தில் டோக்கன் தொலைந்தால் அபராதமே கிடையாது. அடிக்கட்டையில் வண்டி நம்பரைப் பார்ப்போம், ஆர்சி புத்தகமோ போனில் இருக்கிற நகலோ காட்டச் சொல்வோம், கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுவோம். வேறு ஆள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடக்கூடாது என்பதற்குத்தானே டோக்கன், காசு பறிக்க இல்லையே.

அடுத்து, காசு தராத வண்டிக்குச் சங்கிலி போடுவது, முன்னால் ஜீப்பைக் குறுக்கே நிறுத்துவது. செய்யவே செய்யாதீர்கள். வண்டியைத் தூக்குகிற அதிகாரம் போலீசுக்கும் அரசு அதிகாரம் கொடுத்தவர்களுக்கும்தான், நமக்குக் கிடையாது. ஆளைப் போகவிடாமல் மறித்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் சட்டத்தின் 126-வது பிரிவில் நம் மேல்தான் வழக்கு வரும். ஸ்காட்லாந்தில் 1992-லேயே ஒரு நீதிமன்றம் தனியார் சக்கரத்தைப் பூட்டுவது மிரட்டிப் பணம் பறிப்பதும் திருட்டும்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 அக்டோபரிலிருந்து தனியார் இடத்தில் அது தடை. பாக்கி இருந்தால் வண்டி நம்பரைக் குறித்து, போட்டோ எடுத்து, ரசீது எழுதிக் கொடுத்து விட்டுவிட வேண்டும். சிலர் தராமல் போவார்கள்தான். அதனால்தான் கட்டணத்தை நுழையும்போதே வாங்குவது நல்லது, பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

"வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பது இன்னொரு தவறு. டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் 1998-ல் சாவியை ஊழியரிடம் கொடுத்துவிட்டுப் போனவரின் கார் திருடுபோய், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது: சாவியை வாங்கி வைத்துக்கொண்டால் வண்டியைப் பத்திரமாகத் திருப்பித் தரும் கடமை உண்டு, அஜாக்கிரதையாக இருந்துவிட்டு, உரிமையாளர் பொறுப்பு என்று டோக்கனில் அச்சடித்திருக்கிறோமே என்று காட்டித் தப்ப முடியாது. இடம் நெருக்கடி என்று இங்கே பல களத்தில் சாவியை வாங்கி ஆணியில் மாட்டி வைக்கிறார்கள். அந்த ஆணியில் எத்தனை லட்ச ரூபாய் தொங்குகிறது என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். அங்கே ஆள் இருக்க வேண்டும், ராத்திரி முழுக்க.

இடம் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். நம் ஊருக்கு இது புதுசு இல்லை. தேக்கடி ஆனவச்சால் பார்க்கிங் இடம் முல்லைப் பெரியாறு அணைக்கான 1886 குத்தகை நிலத்துக்குள் வருகிறது என்று சொல்லி தமிழ்நாடு கேரளா மேல் 2014-ல் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. நாம் அவ்வளவு பெரிய ஆட்கள் இல்லை, ஆனால் களம் நிறைந்ததும் தேசிய நெடுஞ்சாலை 183 ஓரத்தில் நிற்கச் சொல்லி அதற்கும் டோக்கன் கிழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நம் இடம் இல்லை, அங்கே நமக்குக் கட்டணமும் கிடையாது, அபராதமும் கிடையாது. பஞ்சாயத்து ஆபீசில் உரிமம் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கொச்சி மால் பார்க்கிங் கட்டண வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2025-ல் கட்டணம் வாங்கலாம் என்று சொன்னதை எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள், அங்கே நகராட்சி சட்டம் 475-வது பிரிவின்படி உரிமம் இருந்ததைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறார்கள்.

நேரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். 12 மணி நேரம் முடிந்து ஒரு நிமிடத்தில் அபராதம் என்றால் அது அநியாயம். இங்கிலாந்தில் கம்பெனிகளே ஒத்துக்கொண்ட விதியில்கூட நேரம் முடிந்தபின் குறைந்தது 10 நிமிட அவகாசம் உண்டு, தெலங்கானாவில் 2018-லிருந்து மால்களில் முதல் 30 நிமிடத்துக்குக் காசே வாங்கக்கூடாது. மலை இறங்குகிறவர்களுக்கு 10 நிமிடம் எந்த மூலைக்கு? வண்டிகளை ஒரு வழியாகத் திருப்பிவிட்டாலோ, நடை அடைத்துத் திறக்க நேரமானாலோ அவர்கள் கையில் எதுவும் இல்லை. நான் ஒரு மணி நேரம் கேட்டேன், பேசிப் பேசி முக்கால் மணியில் நின்றது.

அப்புறம் முறையீடு. அபராதம் கேட்கிற பையனிடமே போய் நியாயம் கேளுங்கள் என்பது முறை இல்லை, அவனுக்கு முதலாளியைப் பயம். பதினோரு பேரில் இரண்டு பேர் நம்பர் எல்லா போர்டிலும் இருக்க வேண்டும், எந்தக் களத்தில் தகராறோ அந்தக் களத்துக்காரர் இல்லாத ஒருவர் கேட்டு முடிவு சொல்ல வேண்டும் என்று எழுதினோம். வசூலாகிற அபராதத்தில் பையனுக்குக் கமிஷன் கிடையாது என்பதையும் சேர்த்தோம், அதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் இருந்தது. கமிஷன் இருந்தால் தப்பு நடக்காத இடத்திலும் அவன் தப்பைத் தேடுவான், அவனைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வரை முடிவானது இவ்வளவு: முக்கால் மணி அவகாசத்துக்குப் பிறகு மணிக்கு 20, கேட்டை மறித்தால் 200, டோக்கன் தொலைந்தால் ஒன்றும் இல்லை, எல்லாம் நாலு மொழியில். பஸ் விஷயம் மட்டும் பாக்கி. ஒரு பஸ் தாமதமானால் அஞ்சு காருக்கான இடம் அடைபடும் என்கிறார் ஸ்டோர் முற்றத்துக்காரர், அதில் வருகிற ஐம்பது பேரில் காசு கொடுக்கப்போவது யார் என்று கேட்கிறார் மச்சான். பாறசாலை, கொழிஞ்சாம்பாறை பக்கம் பஸ்ஸுக்கு இடம் விடுகிறவர்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னால், போர்டு எழுதக் கொடுப்பதற்கு முன் அதையும் சேர்த்துக்கொள்வோம்.