சர்க்யூட் போர்டில் சிலிக்கோனும் டேப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பாத்ரூம் சிலிக்கோனை இன்வெர்ட்டர் போர்டிலும் எல்.இ.டி. டிரைவரிலும் தடவிவிடுகிறார்கள். இருக்கிற தவறுகளிலேயே மோசமானது இதுதான். டியூபைப் பிதுக்கியதும் வினிகர் வாடை வந்தால், அது இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது என்று அர்த்தம். அந்த அமிலம் செம்புத் தடங்களை அரிக்கும். மூடிய பெட்டிக்குள் பாதிப்பு இன்னும் அதிகம். பூசிய அன்று போர்டு நன்றாகவே ஓடும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இறுகும்போது அமிலம் வெளிவிடாத 'நியூட்ரல் க்யூர்' வகையைக் கேட்டு வாங்குங்கள். அதிலும் ஆக்ஸைம் வகை சில நேரம் செம்பைப் பாதிக்கும். ஆல்காக்ஸி வகையே நல்லது.

அடுத்தது அவசரம். இந்த சிலிக்கோன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து உள்ளே இறுகுகிறது, நாளுக்குச் சுமார் 2 முதல் 3 மி.மீ. வரை. மேலே தோல் கட்டியதுமே பெட்டியை மூடினால் உள்ளே பசையாகவே கிடக்கும். காய வைக்க ஓவனில் வைப்பதும் வீண். அதற்கு வேண்டியது ஈரம்.

போர்டு முழுவதும் பூசும் மெல்லிய சிலிக்கோன் பூச்சு தண்ணீரைத் தடுக்கும், சரி. ஆனால் நீராவி சிலிக்கோனுக்குள் எளிதாகப் புகும். சால்டரிங் செய்யப் பயன்படும் ஃப்ளக்ஸின் கறையைத் துடைக்காமல் பூசினால், அந்தக் கறையும் ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்து பூச்சுக்கு அடியிலேயே கசிவையும் அரிப்பையும் உண்டாக்கும். முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலர விடுங்கள். தடிமனாகப் பூசினால் பாதுகாப்பு கூடும் என்பதும் தப்புக்கணக்கு: ஐ.பி.சி. என்ற மின்னணுத் தொழில் அமைப்பின் தரநிலை சிலிக்கோன் பூச்சுக்குச் சொல்வது 0.05 முதல் 0.21 மி.மீ. வரைதான். பூசும் முன் கனெக்டர்களை மறைக்க மறக்காதீர்கள். சீல் செய்யாத ரிலே (மின்காந்த சுவிட்ச்) பக்கத்தில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். சிலிக்கோன் ஆவி அதன் கான்டாக்டில் படிந்து, தீப்பொறியில் சிலிக்காவாக மாறி, மின்சாரம் போகாமல் செய்துவிடும்.

இனி டேப். மஞ்சளாக இருந்தாலே சூடு தாங்கும் என்று நினைக்கக் கூடாது. மஞ்சள் டேப்பிலுள்ள பாலிஇமைட் என்ற பிளாஸ்டிக் படலம் தாங்கும், பசை தாங்க வேண்டுமே! சிலிக்கோன் பசை உள்ளவை 260 டிகிரி செல்சியஸ் வரை குறுகிய நேரம் தாங்கும். அக்ரிலிக் பசை அதற்கு ஆகாது. உரிக்கும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். அதில் உருவாகும் நிலைமின்சாரம் நுண்ணிய சிப்களைக் கெடுக்கும். சாதாரண கறுப்பு பி.வி.சி. டேப் பெரும்பாலும் 80 டிகிரிக்கானது. சூடேறும் டிரான்ஸ்ஃபார்மரில் சுற்றினால் பசை ஒழுகும்.

இருபக்கமும் ஒட்டும் அக்ரிலிக் ஃபோம் டேப்பை ஒட்டிய கையோடு எடையைத் தொங்கவிடாதீர்கள். நன்றாக அழுத்தி ஒட்டிய பிறகும், முழுப் பிடிப்பு வர சுமார் 72 மணி நேரம் ஆகும்.