கய்போத் எங்கே நின்று வரைந்தார்? ஆண்களின் படங்களைப் பார்க்க ஒரு வழி

பாரிசின் ஓர்சே அருங்காட்சியகம் 2024 அக்டோபர் முதல் 2025 ஜனவரி வரை, பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கய்போத் ஆண்களை வரைந்த விதத்தை வைத்தே ஒரு கண்காட்சி நடத்தியது. அது பிறகு லாஸ் ஏஞ்சலசுக்கும் சிகாகோவுக்கும் போனது. தவறவிட்டவர்கள் வருந்த வேண்டாம். அதில் இருந்த முக்கியமான இரண்டு படங்கள் ஓர்சேயுடைய சொந்தம். திங்கள் விடுமுறை. வியாழக்கிழமை இரவு 9.45 வரை திறந்திருக்கும். நான் வேலை முடித்துப் போவது அன்றைக்குத்தான்.

ஒவ்வொரு படத்தின் முன்னும் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த மனிதரிடமிருந்து ஓவியர் எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில் இருக்கிறார்?

1875இல் வரைந்த ‘தரை சுரண்டுவோர்’ படத்தில் தொடங்குங்கள். மேல்சட்டை இல்லாத மூன்று பேர் மண்டியிட்டு மரத்தரையைச் சுரண்டுகிறார்கள். நான் தச்சன், அதனால் என் கண் முதலில் தரைக்குத்தான் போகும். சுரண்டிய பட்டை வெளிறி இருக்கிறது; சுரண்டாதது கறுத்து, சன்னல் வெளிச்சத்தில் பளபளக்கிறது. சுருள் சுருளாகச் சீவல். இருவர் தலை சாய்த்து ஏதோ பேசிக்கொள்கிறார்கள். மூன்றாமவர் கருவி எடுக்கக் கை நீட்டுகிறார். முழங்காலில் நின்று இரு கையாலும் இழுக்கும்போது பாரம் தோளில் இறங்கும். அந்தத் தோள்களைக் கய்போத் அப்படியே பிடித்திருக்கிறார். வலப்பக்கம் ஒயின் போத்தலும் கோப்பையும் இருப்பதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது கேள்விக்கு வாருங்கள். நாம் மேலிருந்து பார்க்கிறோம். அது வீட்டுக்காரர் நின்று வேலையைப் பார்க்கும் உயரம். கய்போத் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை; படம் விற்றுச் சாப்பிட வேண்டிய நிலை அவருக்கு இல்லை. ஆனாலும் கூலிக்காரர் உடம்பை இவ்வளவு மதிப்போடு வரைந்தார். அந்த ஆண்டு பாரிசின் பெரிய அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோன் இதை ஏற்கவில்லை; 1876இல், சலோனுக்கு வெளியே தனியாகக் கண்காட்சி நடத்திய இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்களின் இரண்டாம் கண்காட்சியில் தொங்கியது.

அடுத்து படகுப் படம். ஓர்சே இதை 2023இல் பெற்றது, 4.3 கோடி யூரோவை எல்விஎம்ஹெச் என்ற ஆடம்பரப் பொருள் நிறுவனம் கொடுத்தது. உயரத் தொப்பி போட்டவர் துடுப்பு வலிக்கிறார். இங்கே ஓவியர் எதிர்ப்பலகையில், முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கய்போத்தே படகு வடிவமைத்தவர், பாய்மரப் பந்தயங்களில் ஓடியவர். துடுப்பைப் பிடித்திருக்கும் கைகளை நிதானமாகப் பாருங்கள்.

‘சன்னலருகே இளைஞன்’ (1876) லாஸ் ஏஞ்சலசின் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கய்போத்தின் தம்பி ரெனே, கைகளைப் பையில் விட்டு, நமக்கு முதுகு காட்டித் தெருவைப் பார்த்து நிற்கிறான். அந்த ஆண்டே அவன் இறந்துபோனான். பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருப்பது 1884ஆம் ஆண்டுப் படம்: குளித்துவிட்டு முதுகு துவட்டும் ஒருவர், மரத்தரையில் ஈரக் காலடிகள். தம்பிக்கும் இவருக்கும் பின்னால் ஓவியர் நிற்பது கிட்டத்தட்ட ஒரே தூரம். எனக்கு இவை இரண்டும் அவருடைய மிக நெருக்கமான படங்கள்.

பாரிசில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால், லீஜ் மெட்ரோவில் இறங்கி டப்ளின் சதுக்கத்துக்கு நடந்து போங்கள். சிகாகோவில் இருக்கும் ‘பாரிஸ் தெரு, மழை நாள்’ (1877) காட்டும் இடம் அதுதான். தெருக்கள் பிரியும் கட்டடமுனை இன்றும் தெரியும். கைபேசியில் படத்தை வைத்துக்கொண்டு, முனை பொருந்தும் வரை நடைபாதையில் முன்னே பின்னே நகருங்கள். வண்டிகளைக் கவனித்துக்கொள்ளுங்கள்.