லேப் கொடுத்த பாட்டிலைக் கழுவாதீர்கள்

போன மாதம் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டில் ஒரு பள்ளிக்கூடக் குழாயடி. என்னுடன் பயிற்சிக்கு வந்திருந்த மாணவி, தண்ணீர் மாதிரி எடுக்க லேப் கொடுத்த பாட்டிலைத் திறந்து குழாய்த் தண்ணீரால் ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை கழுவி ஊற்றினாள். "சுத்தமா இருக்கட்டும்னுதான் அக்கா" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வேலையில் சேர்ந்த முதல் வருடம் நானும் இதையேதான் செய்தேன், இதே காரணத்தைச் சொல்லிக்கொண்டு.

டர்பன் பக்கம் நம் பிள்ளைகள் நிறைய பேர் இப்போது சுற்றுச்சூழல் சுகாதாரம் படிக்கிறார்கள். நம் பெரியவர்கள் வாயில் இன்னும் அது 'ஹெல்த் இன்ஸ்பெக்டர் வேலை'தான். நான்கு வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் கட்டாய சமூக சேவை. அந்தப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கையுறை போடு, கை கழுவு, லேபிளில் தேதி எழுது என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நன்றாகப் படித்தவர்களே செய்கிற தவறுகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பாட்டிலைக் கழுவுவது

கிருமிப் பரிசோதனைக்கு லேப் தருகிற பாட்டிலின் அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடியோ, ஒரு சிறு மாத்திரையோ, ஓரிரு துளியோ இருக்கும். அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். அது சோடியம் தயோசல்பேட், குளோரினை முறிக்கும் உப்பு.

அது எதற்கு? குழாய்த் தண்ணீரில் மிச்சக் குளோரின் இருக்கிறது. நீங்கள் மூடியைத் திருகிய பிறகும் பாட்டிலுக்குள் அது வேலை செய்துகொண்டே இருக்கும். லேப் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆனால், அந்த நாலு மணி நேரமும் கிருமி செத்துக்கொண்டே இருக்கும். குழாயடியில் உயிரோடு இருந்தது லேபில் இருக்காது. தயோசல்பேட் இருந்தால் குளோரின் உடனே முறிந்துவிடும், நீங்கள் பிடித்த நிமிடத்தில் தண்ணீர் எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே லேபுக்குப் போகும். மூன்றுமுறை கழுவினால் அந்த உப்பு சாக்கடைக்குப் போய்விடுகிறது. கண்ணுக்குப் பாட்டில் சுத்தம், ரிசல்ட் பொய்.

இந்தப் பழக்கம் வேதியியல் லேபிலிருந்து வருகிறது. சில ரசாயனச் சோதனைகளுக்கு அதே தண்ணீரால் பாட்டிலைக் கழுவச் சொல்லித் தருகிறார்கள், அங்கே அது சரி. ஒரே வாரத்தில் இரண்டு பாடமும் நடப்பதால் கை தானாகக் குழாயடிக்குப் போகிறது.

சரி, என் கதையைச் சொல்கிறேன். ஆடி மாதம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் பூசை. இங்கே பிள்ளைகள் 'பொரிட்ஜ் பிரேயர்' என்பார்கள். அந்த வாரம் குழாயில் தண்ணீர் வரவில்லை. கோயில் ஹாலுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. லாரியிலிருந்து சமையற்கட்டுத் தொட்டிவரை ஒரு ரப்பர் ஹோஸ் தரையில், சேற்றோடு கிடந்தது. பூசைக்கு இரண்டு நாள் முன்பு நான் போய்த் தொட்டியில் தண்ணீர் பிடித்தேன். பாட்டிலை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் பிடித்தேன். நூறு மில்லியில் ஈ.கோலை (தண்ணீரில் மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் கிருமி) இல்லை என்று ரிசல்ட் வந்தது. நம் தேசியத் தரம் கேட்பதும் அதைத்தான். கூழ் கரைக்கிற பாட்டியிடம் போனிலேயே "பரவாயில்லை ஆயா, தண்ணீர் நல்லா இருக்கு, தாராளமா கரைங்க" என்று சொல்லிவிட்டேன்.

கூழைக் காய்ச்சி ஆறவைத்து, தயிரும் பச்சைத் தண்ணீரும் விட்டுக் கரைத்தார்கள். தயிர் சேர்ந்த நிமிடமே மிச்சக் குளோரின் செலவாகிவிடும். தண்ணீரில் என்ன இருந்ததோ அது கூழில் உயிரோடு இருந்திருக்கும். மூன்றாம் நாள் பல வீடுகளில் வயிற்றுப்போக்கு. கூழ் கரைத்த ஆயாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார், நல்ல வேளை. நான் ஓடிப்போய், இந்த முறை கழுவாத பாட்டிலில், அதே தொட்டியில் பிடித்தேன். ஈ.கோலை இருந்தது.

பூசையன்று பயன்படுத்திய தண்ணீர் கெட்டிருந்ததா, அதனால்தான் நோய் வந்ததா, இல்லை பாத்திரத்திலா, தயிரிலா? இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. சாட்சி என் கையில் இருந்தது, அதை நானே கழுவி ஊற்றிவிட்டேன். இன்னொரு நாள் எடுத்த தண்ணீர் அன்றைய தண்ணீர் ஆகாது. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஆயா ஒரு வார்த்தை திட்டவில்லை என்பது அந்தக் கோபத்தைக் கூட்டுகிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். குழாய் முனையைத் துடைத்துக் கிருமி நீக்குங்கள், இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். பாட்டிலைக் கடைசி நொடியில் திறங்கள், மூடியின் உட்புறத்தைத் தொடாதீர்கள், கீழேயும் வைக்காதீர்கள். ஒரே தடவையில் நிரப்புங்கள், ததும்பவிடாதீர்கள். ததும்பினாலும் உப்பு வெளியேறும். மேலே இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே இடம் விட்டால்தான் லேபில் குலுக்க முடியும்.

குளோரின் அளவை அங்கேயே பாருங்கள், லேபுக்கு எடுத்துப் போகிற விஷயம் இல்லை அது. குழாய்க்கு வரும்போது லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குளோரினைக் காட்டும் டி.பி.டி. மாத்திரை போட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். ஒரு எச்சரிக்கை: குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்தச் சிவப்பு தோன்றிய வேகத்தில் வெளுத்துப்போகும். புதியவர்கள் 'பூஜ்யம்' என்று எழுதிவிட்டு, இன்னும் கொஞ்சம் குளோரின் ஊற்றச் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீரோடு குளோரின் இல்லாத சுத்தமான தண்ணீரைச் சேர்த்து மறுபடி சோதியுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையமே சேதமாகி, மாதக்கணக்கில் அங்குள்ளவர்கள் லாரித் தண்ணீரை நம்பியிருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பொய்ப் பூஜ்யம் எத்தனை வீட்டுக் குடத்துக்குள் போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பாட்டிலை ஐஸில் புதைப்பது

குளிர வேண்டும், உறையக் கூடாது. ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோங்கள், 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள்.

'தண்ணீரால் வரும் நோய்' என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடுவது

பரீட்சைக்கு நோய்ப் பெயர்களை மனப்பாடம் செய்கிறவர்கள் காலரா, டைபாய்டு, பில்ஹார்சியா மூன்றையும் ஒரே வரியில் எழுதி, 'தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவும்' என்று முடிக்கிறார்கள். காலராவும் டைபாய்டும் வாய் வழியாக வருகிறவை, அவற்றுக்கு அது சரி. பில்ஹார்சியா தோல் வழியாக நுழைகிறது. நன்னீர் நத்தையிலிருந்து வெளியே வரும் புழு, ஆற்றில் இறங்கிய பிள்ளையின் காலைத் துளைத்து உள்ளே போகும். வீட்டில் எவ்வளவு கொதிக்கவைத்துக் குடித்தாலும், மத்தியானம் ஆற்றில் குளித்தால் வரும். நம் குவாசூலு-நட்டால் மாகாணத்து ஆற்றங்கரைப் பிள்ளைகள் சிறுநீரில் ரத்தம் போவதை வளர்கிற வயதில் வருவது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுவதுண்டு. எந்த நோயைப் படித்தாலும், எந்த வழியாக உடம்புக்குள் வருகிறது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தடுக்கிற முறை அதிலிருந்துதான் வரும்.

ஃபிரிட்ஜை நம்புவது

2017-18இல் நம் நாட்டைப் பிடித்த லிஸ்டீரியா நோயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் பச்சிளங்குழந்தைகள். போலோனி என்ற பதப்படுத்திய இறைச்சி மூலம் பரவியது என்று 2018 மார்ச்சில் அறிவித்தார்கள். பிள்ளைகள் ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுகிற அதே போலோனி. ஃபிரிட்ஜில் வைத்தால் மற்ற பல கிருமிகள் அடங்கும், லிஸ்டீரியா அந்தக் குளிரிலும் மெல்லப் பெருகும். கர்ப்பிணிகள் வீட்டில் இதைச் சொல்லாமல் வராதீர்கள்.

இன்னொன்று கல்யாண பிரியாணி. ராத்திரி சமைத்த பெரிய அண்டாவை மூடி விடியும்வரை வெளியே வைக்கிறார்கள். இல்லை, சுடச்சுட அப்படியே குளிர் அறைக்குள் தள்ளுகிறார்கள். இரண்டிலும் அண்டாவின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் நுண்வித்துகள் (ஸ்போர்) கொதியில் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. 60 பாகைக்கு மேல் வைத்திருங்கள், இல்லாவிட்டால் அகலத் தட்டுகளில் பரப்பிச் சீக்கிரம் குளிரவையுங்கள். வெப்பமானியை அண்டாவின் நடுவில் குத்திப் பாருங்கள், ஓரத்தில் அல்ல.

ஃபிரிட்ஜ் கதவில் தெரிகிற வெப்ப அளவை எழுதுவது

அது ஃபிரிட்ஜின் காற்று, உணவின் வெப்பம் அல்ல.

'மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கையை முடிப்பது

இந்த வரியை எழுதும் மாணவர்களிடம் நான் 2000ஆம் வருடத்தைப் பற்றிச் சொல்வேன். அந்த ஆகஸ்டில் எம்பங்கேனி பக்கம் காலரா தொடங்கியது. முடிவதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பரவியது, பெரும்பாலோர் நம் மாகாணத்தவர். அங்கே சில ஊர்களில் அதுவரை இலவசமாக வந்த குழாய்த் தண்ணீருக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். இணைப்புக்கு 51 ராண்ட். கட்ட முடியாதவர்கள் ஆற்றுக்கும் குட்டைக்கும் போனார்கள். ஆற்றுத் தண்ணீர் கெட்டது என்று அந்தத் தாய்மாருக்குத் தெரியாதா? தெரியும். 2001 ஜூலையில் வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்ற திட்டம் நாடு முழுவதும் தொடங்கியது. கையேட்டை எடுத்து நீட்டுவதற்கு முன், அந்தக் குடம் ஏன் அங்கே போனது என்று அவர்களிடமே கேளுங்கள். கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே அறிக்கையில் போடுங்கள்.

ரிசல்ட்டைப் போனில் சொல்வது

எழுதிக் கொடுங்கள். எந்தக் குழாய், எத்தனை மணி, அங்கே பார்த்த குளோரின் அளவு, ஹோஸ் எங்கே கிடந்தது, பாட்டிலில் தயோசல்பேட் இருந்ததா. டோங்காட் மாணவி அன்று மூன்றாவது பாட்டிலுக்கு இதையெல்லாம் தானாகவே எழுதினாள். அவள் கழுவிவிட்ட முதல் இரண்டு பாட்டிலையும் நாங்கள் லேபுக்கு அனுப்பவில்லை.