மாதத்துக்கு நாலு சுருட்டு: தேர்வு முதல் ருசிக்குறிப்பு வரை

பிரீமியம் சுருட்டுப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பெயர் கேள்விப்பட்டது ஒன்று, பேண்ட் (சுருட்டைச் சுற்றி ஒட்டியிருக்கும் காகித வளையம்) அழகாக இருக்கிறதே என்று ஒன்று, நண்பர் சொன்னார் என்று ஒன்று எனக் கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாங்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள். ஆறு மாதம் கழித்து எது பிடித்தது என்று கேட்டால், "கறுப்பா ஒண்ணு இருந்துச்சே, அது நல்லா இருந்துச்சு" என்பதற்கு மேல் பதில் வராது. மாதத்துக்கு நாலே நாலு, அதிலும் இரண்டே வகை, வகைக்கு இரண்டு என்று திட்டமாக வாங்கிக் குறிப்பு எழுதிவந்தால் உங்கள் நாக்கு எதைத் தேடுகிறது என்பது சீக்கிரமே பிடிபட்டுவிடும். அதை எப்படிச் செய்வது என்றுதான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். "சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் ஒன்றும் ஆகாது" என்ற பேச்சை நம்பாதீர்கள். சுருட்டுப் புகைக்குக் காரத்தன்மை உண்டு, அதனால் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். பெரிய சுருட்டு சிலவற்றில் ஒரு சிகரெட் பாக்கெட் அளவுக்குப் புகையிலை இருக்கும். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்களோடு சுருட்டுக்கு உள்ள தொடர்பும் சந்தேகத்துக்கு இடமில்லாதது. புகைக்காதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். வயது வந்தவர், ஏற்கெனவே பிடிக்கிறவர் என்றால், நாலு என்பதை உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாங்கினால் குறிப்பும் எழுத மாட்டீர்கள், உடம்புக்கும் கேடு.

படி 1: எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்வது

கையால் சுற்றிய சுருட்டில் மூன்று அடுக்கு. உள்ளே நிரப்பியிருப்பது ஃபில்லர், அதைக் கட்டிப்பிடித்திருப்பது பைண்டர், மேலே தெரியும் இலை ராப்பர். ஃபில்லரில் செடியின் எந்த உயரத்து இலை எவ்வளவு சேர்கிறது என்பதில்தான் சுருட்டின் வீரியம் இருக்கிறது. செடியின் உச்சியில் வெயிலை அதிகம் வாங்கும் லிகேரோ தடிமனான இலை. மெதுவாக எரியும், நிகோடினும் அதில்தான் அதிகம், அதனால் அதைக் கட்டின் நடுவில் வைப்பார்கள். நடுச்செடி இலையான செக்கோவில் மணம் அதிகம். அடியிலிருக்கும் வொலாடோ நன்றாக எரிவதற்காகச் சேர்ப்பது.

ராப்பரின் நிறத்தைப் பார்த்து வீரியத்தை முடிவுசெய்வது ரொம்பப் பேருக்குள்ள பழக்கம், அது தப்பு. கறுத்த மதூரோ இலைக்கு அந்த நிறம் நீண்ட, சூடான புளிக்கவைப்பில் வருகிறது, வீரியத்தில் அல்ல. வெளிறிய கனெக்டிகட் ஷேட் இலையைத் துணிப்பந்தலுக்கு அடியில், நேர் வெயில் படாமல் வளர்ப்பார்கள். ஈக்வடாரில் மேகமே அந்தப் பந்தல் வேலையைச் செய்துவிடுவதால் அங்கிருந்தும் நிறைய வருகிறது. வெளிறிய ராப்பருக்குள் லிகேரோவை அள்ளித் திணித்த சுருட்டும் உண்டு, அதனால் நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

அளவைப் பொறுத்தவரை நீளம் இன்ச்சிலோ மில்லிமீட்டரிலோ வரும், பருமன் ரிங் கேஜ் என்ற எண்ணில் வரும். ஒரு ரிங் என்பது இன்ச்சில் 64ல் ஒரு பங்கு. 50 ரிங் என்றால் கிட்டத்தட்ட 20 மி.மீ. விட்டம். வழக்கமான ரொபுஸ்டோ 5 இன்ச் நீளம், 50 ரிங். தொடக்கத்துக்கு இதைவிடப் பெரிதாகப் போகவே வேண்டாம்.

படி 2: மாதத்துக்கு ஒரு கேள்வி

இரண்டு வகைக்கும் நடுவில் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் கூடியவரை ஒன்றாக இருக்கட்டும். வகைக்கு இரண்டு எதற்கு என்றால், கைவேலை என்பதால் ஒரே பெட்டியிலேயே ஒன்று நன்றாக இழுக்கும், அடுத்தது அடைத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் பிடித்துவிட்டு அந்த வகையையே தள்ளிவைப்பது நியாயமில்லை.

முதல் மாதம் அளவு. கனெக்டிகட் ஷேட் ராப்பர் போட்ட மென்மையான வரிசை ஒன்றை எடுத்து, அதிலேயே பெட்டீ கொரோனா (petit corona) போன்ற ஒல்லியான அளவில் இரண்டு, ரொபுஸ்டோ இரண்டு. ஒல்லியானதில் ஃபில்லரோடு ஒப்பிட ராப்பரின் பங்கு கூடுதல் என்பதால் ஒரே கலவை வேறு மாதிரி ருசிக்கும். இரண்டாம் மாதம் ராப்பர். பத்ரோன் கம்பெனியின் 1964 ஆனிவர்சரி வரிசை நேச்சுரல் (கறுக்காத பழுப்பு), மதூரோ என இரண்டு ராப்பரிலும் கிடைக்கிறது, உள்ளே இருப்பது நிகராகுவா புகையிலை. இந்த ஒப்பீட்டுக்கு அதைவிட வசதியான ஜோடி எனக்குத் தெரிந்து குறைவு. ஆனால் கொஞ்சம் கனமானது, வெறும் வயிற்றில் கூடாது.

மூன்றாம் மாதம் மண். நிகராகுவாவின் எஸ்தெலி பக்கத்து இலையில் காரமும் கனமும் தூக்கலாக இருக்கும். டொமினிகன் குடியரசின் சிபாவ் பள்ளத்தாக்கு இலை பொதுவாக இதமானது. இரண்டு நாட்டிலிருந்தும் ஒரே அளவு ரொபுஸ்டோ எடுங்கள். கியூபாவைத் தொட ஆசை என்றால் பர்தாகாஸ் செரி டி நம்பர் 4 இருக்கிறது, 124 மி.மீ., 50 ரிங். இங்கே ஒரு குழப்பம் வரும். கோஹிபா, மொன்டெகிறிஸ்தோ, பர்தாகாஸ் போன்ற பெயர்கள் கியூபாவிலும் உண்டு, கியூபாவுக்கு வெளியே வேறு கம்பெனிகள் செய்வதிலும் உண்டு. பெயர்தான் ஒன்று, சுருட்டு வேறு. 1962லிருந்து அமெரிக்கா விதித்த தடையால் கியூபாச் சுருட்டு அந்தச் சந்தைக்குப் போக முடியாது, அங்கே அதே பெயரில் விற்பது மற்றதுதான். அதனால் குறிப்பில் பிராண்டோடு நாட்டையும் எழுதுங்கள். அப்புறம், கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் "கியூபா கோஹிபா" என்று யாராவது நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள், அது போலி.

நாலாம் மாதத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

படி 3: வாங்கும்போது

விரலால் மெதுவாக அழுத்தி உருட்டிப் பாருங்கள். ஓரிடம் கல் மாதிரி, ஓரிடம் பஞ்சு மாதிரி என்று இருந்தால் வேண்டாம். ராப்பரில் வெடிப்பு, குண்டூசி அளவு ஓட்டை இருந்தாலும் வேண்டாம். ஓட்டை என்றால் புகையிலை வண்டு வேலையைக் காட்டியிருக்கிறது. பச்சையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால் பூஞ்சை. அமோனியா நெடி அடித்தால் இலை இன்னும் பக்குவப்படவில்லை என்று அர்த்தம்.

படி 4: வைத்திருப்பது

நாலு சுருட்டுக்கு ஹியூமிடார் என்ற ஈரம் காக்கும் மரப்பெட்டி தேவையில்லை. காற்றுப் புகாமல் மூடும் உணவு டப்பா, உள்ளே இருவழி ஈரப்பத பாக்கெட் (ஈரம் குறைந்தால் விடும், கூடினால் உறிஞ்சும்) ஒன்று, ஈரப்பதம் அளக்கும் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று போதும். ஈரப்பதம் 65 முதல் 69 சதவீதம், வெப்பம் 18 முதல் 21 டிகிரி செல்சியஸ். 24 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் வைத்தால் இலைக்குள் தூங்கும் வண்டு முட்டைகள் பொரிக்க வழி செய்து கொடுத்த மாதிரி.

ஹைக்ரோமீட்டர் சொல்வதை அப்படியே நம்பாமல் உப்புச் சோதனை செய்துவிடுங்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பைக் கொட்டி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு கரைந்து தண்ணீராகிவிடக் கூடாது, நனைந்து நின்றால் போதும். அந்த மூடியையும் மீட்டரையும் ஜிப் பையில் போட்டு இறுக்கி மூடி, ஆடாமல் அசையாமல் ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். நனைந்த உப்பு மூடிய இடத்தில் காற்றை 75 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்திவிடும். பையைத் திறக்காமல் பாருங்கள். மீட்டர் 71 காட்டினால் அது எப்போதும் 4 குறைத்துச் சொல்கிறது, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் "என் சுருட்டெல்லாம் கசக்கிறது" என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

வாங்கி வந்த சுருட்டை இரண்டு வாரமாவது டப்பாவில் விட்டுவிடுங்கள். எங்கெங்கோ அலைந்து வந்தது, ஈரம் சமப்பட நாள் பிடிக்கும். நாலும் ஒரே டப்பாவில் ஒரே காலம் இருந்தால்தான் ஒப்பீடு ஒப்பீடாக இருக்கும்.

படி 5: வெட்டுவதும் பற்றவைப்பதும்

சுருட்டின் தலையில் ஒட்டியிருக்கும் தொப்பியில் 2 மி.மீ. அளவு மட்டும் வெட்ட வேண்டும். தோள் வளைவைத் தாண்டிக் கீழே போய்விட்டால் ராப்பர் உரிய ஆரம்பித்துவிடும். கை நடுங்குகிறவர்களுக்கு வழி இருக்கிறது: கில்லட்டின் கட்டரை மேசையில் படுக்கவைத்து, சுருட்டை அதன் ஓட்டைக்குள் செங்குத்தாக நிறுத்தி, பட்டென்று மூடுங்கள். கட்டரின் தடிமனே அளவைப் பார்த்துக்கொள்ளும்.

வெட்டியதும் பற்றவைக்காமலே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இதைக் கோல்ட் டிரா என்பார்கள். காற்று எவ்வளவு தாராளமாக வருகிறது, நாக்கில் என்ன தங்குகிறது என்பதுதான் குறிப்பின் முதல் வரி.

பியூட்டேன் லைட்டர் நல்லது. பெட்ரோல் லைட்டரும் வாசனை மெழுகுவத்தியும் வேண்டாம், அந்த நாற்றம் சுருட்டு முடியும் வரை கூடவே வரும். தீக்குச்சி என்றால் மருந்து எரிந்து தீர்ந்த பிறகு கிட்டே கொண்டுபோங்கள். ஜுவாலை இலையைத் தொடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, சுருட்டைச் சுழற்றிக்கொண்டே விளிம்பெல்லாம் கறுக்கும்வரை வாட்டி, அப்புறம்தான் இழுக்க வேண்டும். பற்றிய முனையில் லேசாக ஊதினால் எந்தப் பக்கம் கனலவில்லை என்று தெரியும், அங்கே மட்டும் இன்னொரு தடவை காட்டுங்கள்.

படி 6: பிடிப்பதும் எழுதுவதும்

நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. அதற்கு மேல் போனால் சூடேறிக் கசக்கும், பிறகு எந்தச் சுருட்டும் ஒரே ருசிதான். தொட்டுக்கொள்ளத் தண்ணீர் மட்டும். காப்பியோ மதுவோ கூட இருந்தால் எழுதுகிற குறிப்பில் பாதி அதைப் பற்றியதாகிவிடும்.

புகையை வாயில் வைத்து, பெரும்பகுதியை வாய் வழியே விட்டுவிட்டு, மிச்சம் கொஞ்சத்தை மூக்கு வழியாக வெளியே விடுவதற்கு ரெட்ரோஹேல் என்று பெயர். நுரையீரலுக்குப் போகக் கூடாது. நாக்குக்கு இனிப்பு, உப்பு, கசப்பு என்று சிலதுதான் தெரியும், மணமெல்லாம் மூக்கின் வேலை. முதல் தடவை கண்ணில் தண்ணீர் வரும், அதனால் சுருட்டுக்கு நாலைந்து முறை போதும்.

சுருட்டை மனத்தளவில் மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். பங்கு மாறும்போதெல்லாம் எழுதிவிட வேண்டும், முடிந்த பிறகு எழுதலாம் என்றால் கடைசிப் பங்கின் கசப்பு முன்னதை எல்லாம் அழித்துவிட்டிருக்கும். குறிப்பு இந்த அளவில் இருந்தால் போதும்:

"நிகராகுவா, மதூரோ, ரொபுஸ்டோ. கோல்ட் டிரா: உலர்திராட்சை, கொஞ்சம் மரம், இழுப்பு சற்று இறுக்கம். முதல் பங்கு: மிளகு, மூக்கில் அதிகம், சீக்கிரம் தணிந்தது. நடுப்பங்கு: கோகோ, வாய் நிறையப் புகை, ஒரு பக்கம் கோணலாக எரிந்தது, ஒருமுறை சரிசெய்தேன். கடைசி: ஈரமண், கடுங்காப்பி, சூடு. இரண்டு விரல் மிச்சம் வைத்து நிறுத்தினேன்."

வார்த்தை கிடைக்கவில்லை என்றால் பெரிய குடும்பத்திலிருந்து தொடங்குங்கள். மரமா, மண்ணா, காரமா, இனிப்பா, கொட்டையா, வைக்கோலா? மரம் என்று தோன்றினால், பச்சை மரமா, செதுக்கின மரத்தூளா? அதோடு நிறுத்திக்கொள்ளலாம். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் "வறுத்த ஹேசல்நட், ஆரஞ்சுத் தோல்" எல்லாம் உங்களுக்குத் தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். தெரிந்ததாக எழுதத்தான் கூடாது.

வீரியமும் கனமும் வேறுவேறு, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். வீரியம் நிகோடின், அது தலையிலும் வயிற்றிலும் தெரியும். கனம் என்பது வாயில் புகை எவ்வளவு அடர்த்தியாக உட்காருகிறது என்பது. குளிர்ந்து வியர்த்து, தலை சுற்றி, குமட்டினால் நிகோடின் ஏறிவிட்டது. உடனே வைத்துவிட்டுக் காற்றாட உட்காருங்கள், பாதிச் சுருட்டு வீணானால் ஆகட்டும். அணைக்கும்போது நசுக்காதீர்கள், சாம்பல் கிண்ணத்தில் விட்டால் தானே அணையும். நசுக்கினால்தான் அறை நாறும்.

படி 7: மாதக் கடைசியில்

ஒரே வகையின் இரண்டு குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டிலும் வந்திருக்கும் வார்த்தைதான் அந்தச் சுருட்டின் குணம். ஒன்றில் மட்டும் வந்தது இழுப்புக் கோளாறாகவோ, அன்றைய உங்கள் அவசரமாகவோ இருக்கலாம், பென்சிலால் அடித்துவிடுங்கள். மதிப்பெண் போடுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 88க்கும் 89க்கும் என்ன வித்தியாசம் என்று போட்டவருக்கே மறுநாள் தெரியாது. "மறுபடி வாங்குவேன், யாராவது கொடுத்தால் பிடிப்பேன், வேண்டாம்" என்ற மூன்றே போதும்.

இப்போது நாலாம் மாதம். 1992ல் தொடங்கிய சிகார் அஃபிஷனாடோ இதழில் சுருட்டை மதிப்பிடும்போது பேண்டைக் கழற்றிவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதையே வீட்டில் செய்யுங்கள். முந்தைய மூன்று மாதத்தில் "மறுபடி வாங்குவேன்" என்று எழுதியதில் ஒரு வகை, "வேண்டாம்" என்று எழுதியதில் ஒரு வகை, இரண்டும் ஒரே அளவில். வேறு யாரையாவது விட்டுப் பேண்டைக் கழற்றி, 1 முதல் 4 வரை எண் ஒட்டச் சொல்லி, எது எந்த எண் என்ற சீட்டை அவரிடமே விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒன்று பிடித்து, நாலு குறிப்பும் எழுதி முடித்த பிறகுதான் சீட்டை வாங்க வேண்டும். பழைய குறிப்போடு பொருந்தாத எண் எதுவோ, ஐந்தாம் மாதம் அந்த வகையிலேயே இரண்டு வாங்குங்கள்.