நூறு கோடியே ஏழு: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

கோடிங் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் நான்கைந்து பேரின் நிரல்களைப் போன வாரம் பார்த்தேன். பத்து வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தப்புகள். 'விடையை 100,00,00,007-ஆல் வகுத்து மீதியைத் தருக' என்று பார்த்ததும் கை தானாக ஓடிவிடுகிறது. அது பகா எண் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் என்ன செய்யலாம், எதுவரை செய்யலாம் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

கழித்தல்

மீதியிலிருந்து மீதியைக் கழித்தால் சில சமயம் மைனஸில் போகும். அந்தப் பகா எண்ணை ஒருமுறை கூட்டிவிடுங்கள்.

மீதியை நேராக வகுப்பது

12-ஐ 4-ஆல் வகுத்தால் 3. முதலில் 7-ஆல் மீதி எடுத்து 12-ஐ 5 ஆக்கிவிட்டால் 4-ஆல் வகுபடாது. 4 × 2 = 8, மீதி 1; ஆகவே 4-இன் நேர்மாறு (பெருக்கினால் மீதி 1 தரும் எண்) 2. 4-ஆல் வகுப்பதற்குப் பதில் அதால் பெருக்குங்கள்: 5 × 2 = 10, மீதி 3. சரி. நம் பெரிய எண்ணில் நேர்மாறைத் தேடி அலைய வேண்டாம்; வகுக்கும் எண்ணை 100,00,00,005 என்ற அடுக்குக்கு உயர்த்தி மீதி எடுத்தால் கிடைத்துவிடும்.

அடுக்கையும் அதே எண்ணால் வெட்டுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான். ஒரு போட்டியில், அடுக்குக்கு மேல் அடுக்கு வரும் கணக்கு. மேலே உள்ளது பிரம்மாண்டமாக இருக்கவே, அதற்கும் 100,00,00,007-ஆல் மீதி எடுத்தேன். மாதிரி விடைகள் அத்தனையும் பொருந்தின. பொருந்தாமல் என்ன? மாதிரியில் அடுக்கு இருபது முப்பதுதான், மீதி எடுத்தாலும் மாறாது. அனுப்பினால் 'ராங் ஆன்சர்'. பெருக்கலைச் சந்தேகப்பட்டேன், உள்ளீடு வாசிக்கும் வரியைச் சந்தேகப்பட்டேன். கடைசி ஒன்றரை மணி நேரம் அதிலேயே போயிற்று. அந்த ஒரு வரியை மட்டும் தொடவில்லை.

காகிதத்தில் 7-ஐ வைத்துப் போட்டுப் பாருங்கள். 2¹⁰ = 1024, மீதி 2. அடுக்கு 10-ஐ 7-ஆல் வெட்டினால் 3; 2³ = 8, மீதி 1. தப்பு. 6-ஆல் வெட்டினால் 4; 2⁴ = 16, மீதி 2. அதுதான் சரி. பகா எண்ணால் வகுபடாத எதையும், அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1 என்று ஃபெர்மா 1640-இலேயே எழுதிவிட்டார். ஆக, நம் அடுக்கை வெட்ட வேண்டியது 100,00,00,006-ஆல்.

அப்புறம் இன்னொரு குழி. 100,00,00,006 = 2 × 50,00,00,003. பகா எண்ணே இல்லை. அடுக்கில் சேர்மானக் கணக்கு (n பொருளில் r-ஐ எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பது, nCr) வந்து, அதற்குள் வகுத்தலும் இருந்தால் மேலே சொன்ன நேர்மாறு வேலைக்காகாது. 2-ஐ எதால் பெருக்கினாலும் மீதி இரட்டைப்படைதான். 1 எங்கிருந்து வரும்? பின்னத்தின் மேலும் கீழும் உள்ள பகாக் காரணிகளை எண்ணி அடித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் பெருக்குங்கள்.

அடிமானமே அந்தப் பகா எண்ணின் மடங்கானால்

அடுக்கு பூஜ்யமில்லை என்றால் விடை 0. அடுக்கை வெட்டிப் பூஜ்யமாக்கிவிட்டு 1 என்று அச்சடிக்காதீர்கள்.