வீட்டில் பெர்ஃப்யூம் செய்ய எந்த ஆல்கஹால்?

பாட்டிலில் பெரும்பகுதி ஆல்கஹால்தான் என்றாலும், வாசனை எண்ணெய்க்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அதற்கு யாரும் காட்டுவதில்லை. எண்ணெயை வாங்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள்.

படி 1: எத்தனால் மட்டும்

ஐசோபுரோபைல் ஆல்கஹால் வேண்டாம். அதற்கே ஊசி போடும் அறையின் நெடி உண்டு. மெத்தனால் தோல் வழியாகவும் உடலில் சேரும் நஞ்சு. பெயின்ட் வேலைக்கு விற்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் அது இருக்கலாம், தொடாதீர்கள்.

படி 2: லேபிளைப் படியுங்கள்

எத்தனால் 95 சதவீதமோ அதற்கு மேலோ தேவை. ‘புரூஃப்’ என்று போட்டிருந்தால், அமெரிக்கக் கணக்கில் அதில் பாதிதான் சதவீதம்: 190 புரூஃப் என்றால் 95. குடிக்க முடியாதபடி செய்த டினேச்சர்டு எத்தனாலும் சரிதான், ஆனால் எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். என் ஓட்டு எஸ்டிஏ 40பி (SDA 40-B) என்ற டினேச்சர்டு வகைக்கு. அதில் கசப்புக்கான பொருளும் சிறிது டெர்ட்-பியூட்டைல் ஆல்கஹாலும்தான் இருக்கும்; வாசனையைக் கெடுக்காது. என்ன சேர்த்தோம் என்று சொல்லாத பாட்டிலை வாங்காதீர்கள். அடர் எத்தனால் வாங்க உங்கள் ஊரில் உரிமம் வேண்டுமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 3: மோந்து பாருங்கள்

காகிதத் துண்டில் சில சொட்டு விட்டு, காய்ந்ததும் மோந்து பாருங்கள். எந்த வாசனையும் மிஞ்சக்கூடாது.

படி 4: கலங்கல் சோதனை

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வாசனை எண்ணெய்கள் எத்தனாலில் கரையும், தண்ணீரில் கரையாது. 40 சதவீத வோட்காவில் பாதிக்கு மேல் தண்ணீர்; எண்ணெய் விட்டதும் பால் போல வெளுத்துவிடும். இன்னும் கொஞ்சம் வோட்கா ஊற்றினால் தெளியும் என்று நினைப்பார்கள். அதோடு தண்ணீரும்தானே சேருகிறது!

முழு அளவில் கலக்கும் முன் சின்னக் குப்பியில் 1 கிராம் எண்ணெய், 4 கிராம் ஆல்கஹால் எடுத்துக் கலக்குங்கள். (0.01 கிராம் காட்டும் தராசு வாங்கிவிடுங்கள். சொட்டு எண்ணுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. எண்ணெய்க்கு எண்ணெய் சொட்டின் எடை மாறும்.) தெளிவாக இருந்தால் இறுக மூடி ஓர் இரவு குளிரில் வையுங்கள். அறையில் தெளிவாக இருந்தது குளிரில் கலங்கலாம், குறிப்பாக எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்கள். கலங்கினால் எண்ணெயைக் குறையுங்கள், அல்லது தண்ணீர் குறைந்த எத்தனாலுக்கு மாறுங்கள். அடியில் மெல்லிய படிவு மட்டும் என்றால் குளிர்ச்சியாக இருக்கும்போதே காபி ஃபில்டர் தாளில் வடிகட்டினால் போதும்.

அறை வெப்பத்திலேயே எழும் எத்தனாலின் ஆவி, ஒரு தீப்பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். அடுப்பங்கரையில் இந்த வேலை வேண்டாம்.

பின்னர் சேர்த்தது: 96 சதவீத எத்தனாலிலும் மல்லிகை எண்ணெய் அடியில் துளித்துளியாக நிற்கிறது என்று கேட்டிருந்தார்கள். எண்ணெய் பாட்டிலின் லேபிளைப் படித்துப் பாருங்கள். விலை உயர்ந்த எண்ணெய்களை ஜோஜோபா என்ற விதை எண்ணெயில் கலந்து விற்பதுண்டு. ஜோஜோபா எத்தனாலில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலை மாற்றிப் பயனில்லை. அந்த மல்லிகையை வீணாக்க வேண்டாம். இன்னும் கொஞ்சம் ஜோஜோபா சேர்த்து ரோல்-ஆன் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். நல்ல எத்தனால் கிடைக்காதவர்களுக்கும் வோட்காவோடு மல்லுக்கட்டுவதைவிட இந்த வழிதான் மேல்.