பில்லில் ஒரு பைசா இடிக்கிறதா? தசம எண்ணைச் சரியாக ரவுண்ட் செய்யும் முறை

மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸுக்கு பில்லிங் புரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். சாப்பாடு 107 ரூபாய். ஜிஎஸ்டி 5 சதவீதம். மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று அதைப் பிரித்துக் காட்ட வேண்டும். 107-க்கு 2.5 சதவீதம் 2.675. இரண்டு தசம இடத்துக்கு ரவுண்ட் செய்தால் 2.68 வர வேண்டும். பைத்தானில் இரண்டு விதமாக அடித்துப் பாருங்கள்:

ரவுண்ட்(107 * 2.5 / 100, 2) → 2.67
ரவுண்ட்(107 * 0.025, 2) → 2.68

கணக்கு ஒன்றுதான், விடை இரண்டு. பழியை எல்லாரும் ரவுண்ட் மேல் போடுவார்கள். அது தனக்குக் கொடுத்த எண்ணைச் சரியாகத்தான் ரவுண்ட் செய்திருக்கிறது. கையில் கிடைத்த எண்தான் 2.675 இல்லை.

புள்ளி வைத்த எண்களை மொழிகள் வழக்கமாக வைக்கும் வகைக்கு ஃப்ளோட் என்று பெயர். ஃப்ளோட் எண்கள் இரண்டின் அடுக்குகளின் கூட்டாகச் சேமிக்கப்படுகின்றன. 2.675 என்பது 107/40. பகுதியான 40-இல் 5 ஒளிந்திருப்பதால் பைனரியில் அது முடிவில்லாமல் நீளும். எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டியபின் நினைவகத்தில் இருப்பது 2.67499999999999982. பாதிக்குக் கீழே இருப்பதால் 2.67 ஆகிறது. இரண்டாவது கட்டளையில் 0.025 ஏற்கெனவே ஒரு துளி அதிகமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. 107-ஆல் பெருக்கியதும் 2.6750000000000003 ஆகி, 2.68-க்கு ஏறிவிடுகிறது.

'வங்கி முறை ரவுண்டிங்தான் காரணம்' என்று ஒரு விளக்கம் அடிக்கடி கேட்கும். அது இந்த இடத்துக்குப் பொருந்தாது. சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் தள்ளுவது அந்த முறை. அதன்படி பார்த்தாலும் 2.675 என்பது 2.68-தான்.

ஆனால் அந்த முறை வேறு இடத்தில் வந்து இடிக்கும். பைத்தான் 3-இல் 0.5 ரவுண்ட் ஆனால் 0, 1.5 ஆனால் 2, 2.5-ம் 2. 0.125-ஐ இரண்டு இடத்துக்கு ரவுண்ட் செய்தால் 0.12, 0.375 மட்டும் 0.38. சி ஷார்ப்பின் மேத்.ரவுண்டும் சொல்லாவிட்டால் இப்படித்தான். எக்செல் அப்படியல்ல: பாதி வந்தால் பூஜ்ஜியத்தை விட்டு விலகும் பக்கம் போகும், 0.125 அங்கே 0.13. ஆடிட்டர் எக்செல்லில் சரிபார்க்கும்போது தொகை ஒத்துப்போகாததற்கு பெரும்பாலும் இந்த முறை வேறுபாடோ முன்பு சொன்ன ஃப்ளோட் பிழையோதான் காரணம்.

பணக் கணக்குக்கு ஃப்ளோட்டையே தொடாதீர்கள். பைத்தானில் தசம எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும் டெசிமல் வகை இருக்கிறது. குவான்டைஸ் எத்தனை இடம் என்று சொல்லும், ரவுண்ட்_ஹாஃப்_அப் பாதி வந்தால் மேலே ஏற்றும்:

வரி = டெசிமல்('107') * டெசிமல்('0.025')
வரி.குவான்டைஸ்(டெசிமல்('0.01'), ரவுண்டிங்=ரவுண்ட்_ஹாஃப்_அப்) → 2.68

இதில் மேற்கோள்குறிதான் உயிர். அதை விட்டுவிட்டு டெசிமல்(2.675) என்று எழுதினால் ஏற்கெனவே கெட்டுப்போன ஃப்ளோட்தான் உள்ளே போகும், 2.67 திரும்பி வரும். ரவுண்டிங் முறையையும் எழுதியே தீர வேண்டும், சும்மா விட்டால் டெசிமலும் இரட்டைப்படைப் பக்கம்தான் சாயும். ஜாவாவின் பிக்டெசிமலிலும் இதே பொறி: எண்ணை மேற்கோள்குறிக்குள் எழுத்துச் சரமாகக் கொடுங்கள், தசம இடங்களைச் சொல்லும் செட்ஸ்கேலில் 2-உடன் ஹாஃப்_அப் சேருங்கள். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் டபுள் பிரிசிஷன் (அங்கே ஃப்ளோட்டின் பெயர்) நெடுவரிசைக்கு 'ரவுண்ட்(எண், 2)' என்று எழுதினால் பிழைச் செய்தி வரும். தசம வகையான நியூமெரிக்காக மாற்றிவிட்டு ரவுண்ட் செய்யுங்கள். நெடுவரிசையையே நியூமெரிக்காக வைப்பது இன்னும் நல்லது.

ஜாவாஸ்கிரிப்டில் மொழியோடு வரும் தசம வகையை நம்பி எழுதும் நிலை இல்லை. 1.005-ஐ இரண்டு இடத்துக்கு வெட்ட டுஃபிக்ஸ்ட்(2) செய்தால் 1.00, அதுவும் எண்ணாக இல்லாமல் எழுத்துச் சரமாக வரும், அப்படியே கூட்டினால் எண்கள் ஒட்டிக்கொள்ளும். நம்பர்.எப்சிலான் என்ற மிகச்சிறிய எண்ணைச் சேர்த்து, 100-ஆல் பெருக்கி, மேத்.ரவுண்ட் போட்டு, 100-ஆல் வகுக்கும் வித்தை 1.005-க்குச் சரியான விடை தரும். எண் 4-ஐத் தாண்டினாலோ அந்த எப்சிலான் சேர்த்ததும் கரைந்துவிடும், சேர்த்தும் பயனில்லை. அதற்குப் பதில் எல்லாவற்றையும் முழு எண் பைசாவாக வையுங்கள். 107 ரூபாய் 10700 பைசா, 2.5 சதவீதம் என்பது ஆயிரத்துக்கு 25:

(10700 * 25 + 500) / 1000, மீதியைத் தள்ளினால் → 268 பைசா

500 சேர்ப்பது பாதியை மேலே ஏற்றத்தான். இது நேர் எண்ணுக்கு மட்டும். பில்லை ரத்து செய்து பணம் திருப்பும்போது தொகை எதிர்க்குறியோடு வரும். குறியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுக் கணக்கிட்டு, பிறகு போடுங்கள். ஜாவாஸ்கிரிப்டின் மேத்.ரவுண்டிலும் இந்தச் சிக்கல் உண்டு: 2.5 என்றால் 3, -2.5 என்றால் -2. விற்றதும் திருப்பியதும் கழியாமல் ஒன்று மிச்சம் நிற்கும்.

அடுத்தது, எந்த இடத்தில் ரவுண்ட் செய்வது என்பது. 67 ரூபாய் டிபன் பில்லில் மூன்று தனித்தனி உருப்படிகளாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் 2.5 சதவீத வரி 1.675 என்பது 1.68, மூன்றும் சேர்ந்து 5.04. மொத்தம் 201-க்கு ஒரே தடவை கணக்கிட்டால் 5.025, அதாவது 5.03. இரண்டில் எது என்பதை எடிட்டரைத் திறக்கும் முன் கணக்காளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், அதையே பில், அறிக்கை, ரிட்டர்ன் மூன்றிலும் கடைப்பிடியுங்கள். மத்திய வரியையும் மாநில வரியையும் தனித்தனியே கணக்கிடுங்கள். 5 சதவீதத்தை ரவுண்ட் செய்துவிட்டுப் பாதியாக்கினால் ஒற்றைப்படைப் பைசா எந்தப் பக்கமும் சேராது. செலுத்த வேண்டிய வரியை முழு ரூபாய்க்கு மாற்ற மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவே விதி சொல்கிறது: 50 பைசாவும் அதற்கு மேலும் என்றால் அடுத்த ரூபாய், குறைந்தால் விட்டுவிடலாம். ஹாஃப்_அப் கேட்பது இதனால்தான்.

12.5-ஐ 12.50 என்று காட்டுவது வேறு வேலை. அதை அச்சிடும் வரியில் மட்டும் செய்யுங்கள். காட்டுவதற்காக வெட்டிய எண்ணை மறுபடி கணக்குக்குள் விடாதீர்கள்.

சோதனையில் 1.005, 2.675, 0.125, 2.5, -2.5 ஐந்தையும் கட்டாயம் வையுங்கள். கூடவே -0.004: இரண்டு இடத்துக்கு ரவுண்ட் ஆனதும் பில்லில் '-0.00' என்று அச்சாகும். ரவுண்ட் செய்தபின் 0-ஐக் கூட்டினால் அந்தக் கழித்தல் குறி போய்விடும்.